அந்தப் பாட்டை ஓடவிட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடிப் பாட்டுக் கேட்டபோது நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். நான் போட்டது அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகரும் பியானோக்காரருமான ஜெர்ரி லீ லூயிஸின் 'ஹோல் லாட்டா ஷேகின் கோயின் ஆன்', ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர் மேடையில் பாடிய பதிவு. அது பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே நண்பர் ஒருவர் எழுந்து போய் நிறுத்தினார். "வெறும் கத்தலா இருக்கு, ஒரிஜினலைப் போடலாம்" என்று அதே பாட்டின் 1957 ஸ்டுடியோ பதிவைப் போட்டார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவரவர் ரசனை என்று அதோடு விட்டிருப்பேன். "லைவ் கேட்கிறவங்களுக்குப் பாட்டு முக்கியமில்ல, ஆரவாரம்தான் முக்கியம்" என்று கூடவே ஒரு தீர்ப்பும் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எது ஒரிஜினல்? இந்தப் பாட்டை ஜெர்ரி லீக்கு முன்பே, 1955இல், பிக் மேபெல் என்ற பாடகி பாடி இசைத்தட்டாக வந்துவிட்டது. அந்தப் பதிவைத் தயாரித்தவர் குவின்சி ஜோன்ஸ். ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆற அமர நடக்கிற பாட்டு அது. ஜெர்ரி லீ அதை எடுத்து மேடைகளில் வாசித்து வாசித்துத் தன் இடது கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருக்கும் சன் ஸ்டுடியோவில் பதிவு செய்தார். மேடையில் வளர்ந்த பாட்டு அது. ஸ்டுடியோ அதன் வழியில் ஓர் இடம். அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இதற்குப் பிறகு வந்ததெல்லாம் கெட்டுப்போனது என்று சொன்னால் எப்படி?

ஸ்டுடியோ பதிவை நான் குறைத்துப் பேசவில்லை. அதை இன்றைக்கும் கேட்கிறேன். பியானோவும் பாட்டும் ஜெர்ரி லீ, கிட்டார் ரோலண்ட் ஜேன்ஸ், டிரம்ஸ் ஜே. எம். வான் ஈட்டன். மூன்றே பேர், ஒரே அறை, ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது. முழுசாக மூன்று நிமிடம்கூட இல்லை. சாம் ஃபிலிப்ஸ் நடத்திய அந்த சன் ஸ்டுடியோவுக்கே உரிய எக்கோ, குரல் ஒரு கணம் பிந்தி இன்னொரு முறை வந்து மோதுகிற மாதிரி இருக்கும். பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். எல்லாம் தணியும், அவர் குரலை இறக்கி யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரிப் பேச ஆரம்பிப்பார். டிரம்ஸ் கீழே தட்டிக்கொண்டிருக்கும். பிறகு பிடித்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே அடியில் விடுவார். அந்த இடத்துக்காகவே அந்த இசைத்தட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆனால் ஸ்டுடியோ பதிவுதான் ஒரிஜினல் என்று நண்பர் சொன்னாரே, அதுவே மூன்று பேர் ஒரே மூச்சில் வாசித்ததுதானே? கேட்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஆள் வந்து உட்கார்ந்தவுடன் அது பாட்டு இல்லாமல் போய்விடுமா?

இப்போது ஹாம்பர்க். 1964 ஏப்ரல் 5, அங்கே ஸ்டார் கிளப் என்ற இசை விடுதி. அதற்கு முந்தைய நாள் தேதியிட்ட பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸ் குழுவுக்கு. அந்தப் பையன்கள் இரண்டு வருடம் முன்பு வாசித்துப் பிழைத்த அதே மேடையில்தான், ஒரு காலத்தில் அமெரிக்காவைக் கலக்கிய ஜெர்ரி லீ வந்து உட்கார்ந்தார். கூட வாசித்தவர்கள் நாஷ்வில் டீன்ஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இங்கிலாந்துக் குழு. தயாரிப்பாளர் சிக்கி லோக். பியானோ பியானோவாகவே கேட்காது, எதையோ போட்டு உடைக்கிற சத்தம். கூட்டம் "ஜெர்ரி, ஜெர்ரி" என்று கத்துகிறது. டிரம்ஸ்காரர் அவரைத் துரத்திப் பிடிக்கப் பார்க்கிறார். தணிகிற அந்த நடு இடம் இங்கேயும் உண்டு. ஆனால் மெம்ஃபிஸில் கேட்க ஆள் இல்லாத அறையில் பேசியதை இங்கே நிஜமாகவே எதிரே நிற்கிற கூட்டத்திடம் பேசுகிறார். அவர்கள் பதில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வருவதற்குள் நிறுத்தியாகிவிட்டது. அதுதான் என் ஆத்திரமே.

இந்தப் பாட்டு எனக்கு முதலில் வந்ததே இந்த ஹாம்பர்க் பதிவாகத்தான். என் தாய்மாமா சரக்குக் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தார். ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் உடன் வேலை பார்த்தவர் யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட் அது, உறையில் பேனாவால் எழுதியிருக்கும். லீவில் தூத்துக்குடி வீட்டுக்கு வந்தால் மாமாவுக்குச் சத்தமே ஆகாது. மிக்ஸி போட்டால்கூட முகம் சுளிப்பார். இந்த ஒரு கேசட்டை மட்டும் டேப்ரெக்கார்டர் அதிர வைப்பார். "ஏல, கொஞ்சம் கொறச்சு வையில" என்று ஆச்சி அடுப்படியிலிருந்து கத்துவாள். "கொறச்சா இதுல ஒண்ணும் இல்லம்மா" என்பார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எவனோ ஒருவன் தன்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் அங்கேயே கொட்டித் தீர்க்கிறான் என்பது மட்டும் புரிந்தது. ஸ்டுடியோ பதிவைப் பல வருடம் கழித்துத்தான் கேட்டேன். முதலில் கேட்டதும், ஏன் இவ்வளவு அடக்கமாகப் பாடுகிறார் என்றுதான் தோன்றியது. மாமா இப்போது இல்லை. அந்தப் பதிவைக் கத்தல் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு எங்கே வலிக்கும் என்று நண்பருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமல்தான் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வலித்தது.

லைவில் தப்பு நிறைய என்பார்கள். இருக்கட்டும். ஹாம்பர்க்கில் குழு பின்தங்குகிறது, சில இடத்தில் குரல் கிழிகிறது. அந்தத் துரத்தல்தான் அந்தப் பதிவின் உயிர். எல்லாரும் ஒரே சீராகப் போயிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

லைவ் ஆல்பங்களில் பித்தலாட்டம் உண்டே என்பார்கள். உண்டு. 1963இல் ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் 'சக் பெர்ரி ஆன் ஸ்டேஜ்' என்று ஒரு தட்டு வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஸ்டுடியோவில் பதிவானவை, மேலே கைதட்டலை ஒட்டி விற்றார்கள். நண்பர் இதைச் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் நிறுத்தியது அந்த மாதிரிப் போலியை இல்லை.

எல்லாப் பாட்டுக்கும் லைவ்தான் மேலா என்றால், அப்படி நான் எங்கே சொன்னேன்? அமெரிக்கப் பாடகர் எடி காக்ரன் 1958இல் 'சம்மர்டைம் ப்ளூஸ்' பாட்டை ஸ்டுடியோவில் தன் கிட்டார் மேலேயே இன்னொரு கிட்டாரை ஏற்றிக் கட்டினார். அந்தக் கச்சிதம் மேடையில் வராது. அதே பாட்டை தி ஹூ என்ற இங்கிலாந்து ராக் குழு 1970 பிப்ரவரி 14 அன்று அங்குள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசித்து வேறொன்றாக ஆக்கினார்கள். இரண்டும் என்னிடம் உண்டு. ஒன்றைக் கேட்கும்போது மற்றதை நான் திட்டுவதில்லை.

ஜெர்ரி லீ மாதிரி ஆளைக் கேட்கலாமா என்று இன்னொரு கேள்வியும் வரும், அதைத் தாண்டிப் போக மாட்டேன். 1958இல் லண்டன் போன இடத்தில், அவர் மனைவி 13 வயது உறவுக்காரச் சிறுமி என்று வெளியே வந்தது. சுற்றுப்பயணம் பாதியில் ரத்து, அதோடு அவர் சந்தையும் சரிந்தது. ஒரு குழந்தைக்கு நடந்த அநியாயம் அது. எந்தப் பாட்டும் அதை ஈடுகட்டாது, அவருக்காக நான் வாதாடப் போவதில்லை. அதனால் அவரைக் கேட்கவே மாட்டேன் என்று யாராவது சொன்னால் மதிக்கிறேன். நண்பர் அதற்காக நிறுத்தவில்லை. அதே ஆளின் இன்னொரு பதிவைத்தான் போட்டார்.

யோசித்துப் பார்த்தால் என் கோபம் ஸ்டுடியோ, லைவ் பற்றியதே இல்லையோ என்னவோ. எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை போய்விட்டது. முப்பது நொடி போவதற்குள் தள்ளிவிடுகிறோம், தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து போடுகிற பாட்டை அவர் எதிரிலேயே நிறுத்துவது அவரைப் பாதிப் பேச்சில் நிறுத்துகிற மாதிரிதானே? வயதில் சின்னவர் போட்டிருந்தாலும் நான் அப்படிச் செய்ய மாட்டேன். "அண்ணே, இதை அப்புறம் கேட்டுக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன்.

ஸ்டார் கிளப் ஆல்பத்தில் இந்தப் பாட்டுதான் கடைசி. முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டு, அத்தனை வேகத்துக்கும் பிறகு அவர் இதற்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கேட்டு முடித்த பிறகும் கத்தல் என்றே தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்.