குழி தோண்டித்தான் பார்க்கணும்

அந்த ரீலை இரண்டு நாளில் பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அண்டார்டிகா பனியில் நாலு பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். "நம்ம வரிப்பணத்துல பனியில குழி தோண்டுறாங்க" என்று ஒரு குரல், பின்னால் சிரிப்புச் சத்தம். என் அண்ணன் செய்த வேலையும் அதுதான்.

"அதான் சாட்டிலைட் இருக்கே" என்கிறீர்கள். சரி, இருக்கிறது. 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 லேசர் வைத்துப் பனியின் உயரத்தை அளக்கிறது. உயரத்தைத்தான், எடையை இல்லை. மேற்பரப்புப் பனி ஒரு கன மீட்டர் சுமார் 350 கிலோ இருக்கும். இறுகிக் கட்டியானால் 917 கிலோ. உயரம் ஒரு மீட்டர் குறைந்தால் கடலுக்குப் போனது எவ்வளவு? அதைக் கணக்கிட அடர்த்தி தெரிய வேண்டும். அதற்கு ஒருவர் அங்கே போய்க் குழி தோண்டி, பனியை வெட்டி எடுத்து, தராசில் வைத்தாக வேண்டும். அண்டார்டிகா பனி மொத்தமும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். இதை உயரம் மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. குழி தோண்டித்தான் பார்க்கணும்.

1930-இல் கிரீன்லாந்தின் நடுவே, ஐஸ்மிட்டே என்ற ஆய்வு முகாமில் மூன்று பேர் பனியைக் குடைந்து அதற்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். அவர்களில் சோர்கே என்பவர் 15 மீட்டர் ஆழம் தோண்டி, அடுக்கு அடுக்காக அடர்த்தியை அளந்தார். இன்னொருவரான லோவேயின் கால்விரல்கள் உறைந்து கெட்டுப்போக, பேனாக்கத்தியால் வெட்டி எடுத்தார்கள். அந்த முகாமுக்குச் சாமான் கொண்டுபோன வெகெனர் திரும்பும் வழியில் இறந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே ஆல்ஃபிரெட் வெகெனர்தான். கூடப்போன வில்லும்சனின் உடல் கிடைக்கவே இல்லை. அதெல்லாம் பழைய காலம் என்பீர்கள். பனி ஆய்வாளர் கொன்ராட் ஸ்டெஃபன், கிரீன்லாந்தில் 1990-இல் தானே அமைத்த முகாமுக்குப் பக்கத்தில் பனிப்பிளவில் விழுந்து இறந்தது 2020-இல்.

விமானமும் டீசலும் புகை கக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். கக்குகிறது. நியாயமான கேள்வி, குறைக்கத்தான் வேண்டும். ஆனால் "ஊரில் பசி இருக்கும்போது இது எதற்கு" என்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கடல் ஏறினால் முதலில் வீட்டை இழப்பது காசிமேட்டுக்காரரா, நீங்களா?

அண்ணன் அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் ஒரு குளிர்காலம் இருந்தான். அந்த ஆவணியில் அப்பா போய்விட்டார். அந்த மாதங்களில் அங்கிருந்து ஊர் திரும்ப வழியே கிடையாது. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் பந்தியில் ஒரு உறவுக்காரர் சொன்னார்: "பெத்த அப்பனை விட ஐஸு பெருசாப் போச்சு." நான் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றேன். எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததால்தான் இன்றைக்கு இவ்வளவு எழுதுகிறேன் போல.

அவன் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. எல்லாம் பென்சில் எழுத்து. அந்தக் குளிரில் பேனா மை உறைந்துவிடும். பனி கூடியதா குறைந்ததா என்று பார்க்க நட்ட மூங்கில் கழிகள் எவ்வளவு வெளியே தெரிகின்றன என்று தேதிவாரியாக அளவுகள். அப்பா இறந்த சேதி போன நாளின் பக்கம் காலி. அடுத்த நாள் பக்கத்தில் எட்டுக் கழிகளின் அளவும் இருக்கிறது, கையெழுத்து மட்டும் கோணலாக.

அந்த ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.