காய்ச்சல் விட்டா டெங்கு போயிடுச்சா? அந்த ஃபார்வர்டு தப்புங்க

"டெங்குல ஆளக் கொல்றது பிளேட்லெட் குறையறதுதான், பப்பாளி இலை ஜூஸ் குடிச்சு ஏத்திட்டா போதும், காய்ச்சல் விட்டா ஆபத்து தாண்டியாச்சு"ன்னு ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்துது, எங்க ஃபேமிலி குரூப்லயே மூணு பேர் போட்டுட்டாங்க.

பிளேட்லெட் குறையும், அது நெசம். ஆனா ஷாக்ல, அதாவது பிரஷர் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போகாத நிலைமைல, கொண்டு விடுறது பெரும்பாலும் ரத்தக்குழாய் கசியறதுதான். குழாயோட உள்சுவர்ல வழவழன்னு ஒரு மெல்லிசான பூச்சு இருக்கு, வைரஸ் தொத்தின செல்லுங்க வெளிய விடுற என்எஸ்1ங்கற புரதம் அந்தப் பூச்சை அரிச்சு சுவரை லூசாக்கிடுதுன்னு 2016ல வந்த ஆய்வு காட்டுச்சு, கூடவே நம்ம எதிர்ப்பு சக்தியே கொட்டுற கெமிக்கல் வேற. ரத்தத்துல இருக்கற தண்ணி வயித்துலயும் நெஞ்சுலயும் போய்த் தேங்கும், சிவப்பணு உள்ளயே நிக்கும், ரத்தம் கெட்டியாகும். அதனாலதான் ரிப்போர்ட்ல பிசிவின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்றது, அது 40ல இருந்து 48 ஆச்சுன்னா கசிவுன்னு அர்த்தம், நாம என்னடான்னா பிளேட்லெட்டையே முறைச்சுட்டு இருக்கோம்.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கற நேரத்துலதான் ஆரம்பிக்கும், 24ல இருந்து 48 மணி நேரம் ஓடும். அப்ப கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ஆளு சோர்ந்து போறதுன்னு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பிளேட்லெட் ஏத்துனாலும் கசிவு நிக்காது, அளவு பார்த்து ஏத்துற டிரிப்ஸ்தான் காப்பாத்தும். பப்பாளி ஜூஸ் அதுக்கு மாத்து இல்ல.