தம் அடிக்கத் துணை இருந்தது, விடும்போது?

பதினோரு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். விட்டு ஆறு வருடம் ஆகிறது. "மனசு வச்சா விட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று வரும். மூன்று தடவை மனசு வைத்தேன். அதிகபட்சமாகத் தாக்குப்பிடித்தது ஒன்பது நாள்.

மூன்றாவது தடவை தோற்றது நன்றாக நினைவிருக்கிறது. மதிய இடைவேளை. அலுவலகத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறையை ஒட்டி எங்கள் ஐந்து பேர் கூட்டம் நிற்கும். நானும் போய் நின்றேன். போகாவிட்டால் அன்றைய கதை எதுவும் காதில் விழாது. ஒருவன் வழக்கம்போல் பாக்கெட்டை நீட்டினான். "ஓ, நீதான் விட்டுட்டியே" என்று சிரித்துக்கொண்டே கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டது போல இருந்தது. "ஒண்ணே ஒண்ணு குடு" என்று நானே கேட்டு வாங்கினேன்.

நிகோடின் பொல்லாததுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று என்னைச் சாய்த்தது நிகோடின் மட்டும் இல்லை.

கிறிஸ்டாக்கிஸ், ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஓர் ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வின் தரவுகளை எடுத்து, 12,067 பேர் 1971 முதல் 2003 வரை யாருடன் பழகினார்கள், யார் எப்போது புகையை விட்டார்கள் என்று பார்த்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு அது. கணவனோ மனைவியோ விட்டால், இன்னொருவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36. சின்ன நிறுவனங்களில் உடன் வேலை பார்ப்பவர் விட்டால் 34. ஆட்கள் கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார்கள். விடாதவர்கள் மெல்ல மெல்ல ஒதுங்கி, ஓரத்துக்குப் போயிருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் நம் விழிப்புணர்வு முயற்சிகளில் பாதி, அவர்களை இன்னும் ஓரத்துக்குத் தள்ளுகிற வேலையைத்தான் செய்கின்றன.

உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 வந்தால் பேரணி, டீஷர்ட், உறுதிமொழி, கருகிப்போன நுரையீரல் படம் போட்ட பேனர். அந்த மாதிரிப் பயமுறுத்தும் படங்களை எங்களை விட அதிகமாகப் பார்த்தவர் யார்? பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறான். ஜூன் 1 அன்று "ஒரு நாள் ஆச்சே, எப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு ஆள் இருக்காது.

பின்லாந்தில் வடக்கு கரேலியா என்று ஒரு பகுதி. இதய நோயில் ஆண்கள் சின்ன வயதிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் மக்களே அரசாங்கத்திடம் மனு கொடுத்துக் கேட்க, 1972இல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமை. மருத்துவர்கள் பேசினால் மட்டும் போதாதென்று, மற்றவர்கள் மதிக்கிற சாதாரண ஆட்களாகத் தேடிப் பிடித்து, அக்கம்பக்கத்தில் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். பெண்கள் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. 1978இல் புகைப்பவர்கள் சிலரைத் தொலைக்காட்சியில் உட்கார வைத்து, அவர்கள் விடப் பாடுபடுவதையே நிகழ்ச்சியாகக் காட்டினார்கள். படம் காட்டிப் பயமுறுத்துவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004 மார்ச்சில் அயர்லாந்து வேலையிடங்களிலும் மது விடுதிகளிலும் புகைக்கத் தடை போட்டது. பிறகு எத்தனையோ நாடுகள் அதே வழியில் போயின. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு அது பெரிய நன்மை. ஆனால் மதியம் ஒன்றரை மணிக்குக் கை பரபரக்கும்போது சட்டம் வந்து பக்கத்தில் நிற்காது.

எனக்கு ஒரு ஆள் நின்றார். வாழ்க்கையில் ஒரு தம் கூட அடிக்காத சக ஊழியர். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எப்போ ரொம்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டதும், அப்புறம் ராத்திரி பத்து மணி வாக்கில் என்றேன். மூன்று வாரம், மதியம் ஆனால் என் மேசைக்கு வந்து நிற்பார். ஜெனரேட்டர் அறைக்கு எதிர்த்திசையில் நடப்போம். அந்த வேகம் உச்சத்தில் இருப்பது சில நிமிடங்கள்தான். ஒரு சுற்று முடிவதற்குள் அடங்கிவிடும். இரவில் போன் பண்ணிக் கண்டதையும் பேசுவார், பெரும்பாலும் அவர் மேலாளரைப் பற்றிய புலம்பல்.

பன்னிரண்டாம் நாள் ஒன்று அடித்துவிட்டேன். மறைக்க முடியவில்லை, சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனை?" "ஒண்ணு." "சரி, நாளைக்கு மதியம் வர்றேன்." அவ்வளவுதான். அதற்கு முன் மூன்று தடவையும், ஒன்று அடித்ததும் "போச்சு, எல்லாம் போச்சு" என்று முழு பாக்கெட் வாங்கியவன் நான்.

போன வாரம் இரவு பத்தரைக்கு ஒரு அழைப்பு. அன்று பாக்கெட்டைப் பாதியில் இழுத்துக்கொண்டானே, அவன்தான். விட்டு நாலு நாள் ஆகிறதாம். "ரொம்ப வருதுடா" என்றான். செருப்பைத் தேடிக்கொண்டே, "கீழே இறங்கி நில்லு, வர்றேன்" என்றேன்.