அந்தப் பிள்ளை கழுத்தைப் பிடிக்கவில்லை

ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவி பெரியவர் ஒருவருக்குப் பல் எடுக்கிறதைக் காட்டி மூன்று நாளாகச் சுற்றுகிற அந்த 40 விநாடி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி எங்கள் தெரு வாட்ஸப் குழுவிலும் வந்துவிட்டது. "டாக்டரம்மா, உங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தானா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருந்தார்கள். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

அது நான் வேலை பார்க்கிற கல்லூரி இல்லை. அந்தப் பெண்ணையும் எனக்குத் தெரியாது. ஆனால் 16 வருடமாக வாய், முக அறுவை சிகிச்சைத் துறையில் பிள்ளைகளுக்குப் பல் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வீடியோவில் என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

"கழுத்தைப் பிடித்து அமுக்குகிறாள்" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். அது கழுத்து இல்லை, தாடை. கீழ்க் கடவாய்ப்பல்லை எடுக்கும்போது ஒரு கை ஃபோர்செப்ஸை, அதாவது பல் எடுக்கிற குறட்டைப் பிடிக்கும், மறு கை தாடையைக் கீழிருந்து தாங்க வேண்டும். தாங்காவிட்டால் காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டு நழுவிவிடலாம். "என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறாள்" என்று இன்னொரு வரி. பல்லை யாரும் ஆணி மாதிரி இழுப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்க வேண்டும். கன்னத்துப் பக்கம் அழுத்தி, அப்படியே பிடித்து நின்று, பிறகு நாக்குப் பக்கம் அழுத்த வேண்டும். அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓரத்தில் கையுறை போட்ட இன்னொரு கை தெரிகிறது, பார்த்தீர்களா? அது சொல்லிக்கொடுப்பவரின் கை. இதைவிட ஒழுங்காக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மாணவர் கை வைத்துத்தான் படிக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

நான் முதன்முதலில் கீழ்க் கடவாய்ப்பல் எடுத்தது முக்கூடலிலிருந்து வந்த ஒரு பீடி சுற்றுகிற அம்மாவுக்கு. கீழ்த்தாடைக்கான ஊசியைப் பல்லுக்குப் பக்கத்தில் போட முடியாது. கடைசிப் பல்லுக்கும் பின்னால், உள்பக்கமாக, நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் மருந்து இறங்க வேண்டும். ஊசி 20, 25 மில்லிமீட்டர் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத இடம். எலும்பில் முனை தட்டுவதை விரல்தான் உணர வேண்டும். பின்னிழுத்துப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்றால்தான் மருந்தைச் செலுத்த வேண்டும். எல்லாம் மனப்பாடம். ஆனால் சிரிஞ்ச் என் கையில் ஆடுகிறது. அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டு, "பதறாத தாயி, பைய போடு" என்றார்கள். பின்னால் நின்ற சார் ஒன்றுமே பேசவில்லை, என் மணிக்கட்டைக் கொஞ்சம் மட்டும் திருப்பிவிட்டார். அஞ்சு நிமிஷத்தில் "உதடு தடிச்ச மாதிரி இருக்கு" என்றார்கள் அந்த அம்மா. அந்த ஒரு திருப்பலை இன்றைக்கு வரைக்கும் என் மாணவர்களுக்குச் செய்கிறேன்.

பொம்மையில் பழகக் கூடாதா என்கிறீர்கள். பழகுகிறார்கள். பொம்மைக்கு நாக்கு குறுக்கே வராது, எச்சில் ஊறாது, பயம் கிடையாது.

"உங்க அம்மாவ மாணவன்கிட்ட அனுப்புவீங்களா?" இதைக் கேட்டவருக்குத் தெரியாது, அனுப்பினேன். எங்கள் அம்மாவின் மேல் கடவாய்ப்பல்லை எடுத்தது கடைசி வருடம் படித்த ஒரு பையன். நான் பக்கத்தில் நின்றேன். அன்று சாயங்காலமே அம்மா சொதியும் சோறும் கேட்டார்கள். ஆறவைத்துக் குடு என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இன்னொருவர், பல் டாக்டருக்கு ஆபரேஷன் எதற்கு, பெரிய டாக்டரிடம் விட வேண்டியதுதானே என்கிறார். வரஸ்தாட் கசஞ்சியான் என்ற ஆர்மீனியர், அமெரிக்காவில் கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிறகு பல் மருத்துவம் படித்தார். முதல் உலகப்போரில், 1915இல் பிரான்சுக்குப் போய், குண்டடிபட்டுச் சிதறிய தாடைகளைக் கம்பி கட்டிச் சேர்த்தார். எம்.டி. என்கிற பொது மருத்துவப் பட்டம் படித்தது போருக்கு அப்புறம்தான். நம் நான்கு வழிச்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தாடை உடைந்து வருகிற பையன்களுக்கும் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டுகிறோம். பல் எப்படிக் கடிக்க வேண்டும் என்று தெரிந்த கைதான் அதைச் செய்ய முடியும்.

சரி, இப்போது நான் சொல்லத் தயங்குகிறது. சில வருடம் முன்னால் ஒரு புகாருக்குப் பயந்து, ஒரு பேட்ச் மாணவர்களைக் கடினமான பல் எதிலும் கை வைக்க விடவில்லை. ஓரமாக நின்று பார்க்கச் சொன்னோம். நானும்தான் சொன்னேன். நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி முடிந்தது. பட்டம் வந்தது, பதிவு செய்தார்கள், போர்டு மாட்டினார்கள். அவர்களில் ஒரு பையன் தன் கிளினிக்கில் ஒருவருக்குக் கடைசிப் பல்லை எடுக்கப் போய் வேர் உடைந்துவிட்டது. எடுக்கத் தெரியவில்லை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டான். ஐந்தாம் நாள் ராத்திரி அவரை வேனில் கொண்டுவந்தார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகிய வீக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே மூச்சு விடுகிறார். கடைசிப் பற்களின் வேர், வாயின் தரையாக இருக்கிற தசைக்கும் கீழே போகும். அங்கே சீழ் வைத்தால் நேரே கழுத்துக்குத்தான் இறங்கும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836லேயே எழுதிவைத்த நோய். மூச்சுக்கு வழி செய்து, கீறிச் சீழை எடுத்து, பிழைத்துக்கொண்டார். அந்தப் பையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "மேடம், நீங்க ஒரு தடவகூட என்னை வேர் எடுக்க விடல" என்றான். எனக்குப் பதில் இல்லை.

ஏழைகள்தானே உங்களுக்குக் கிடைத்தார்கள் என்கிற கேள்வி மட்டும் என்னைக் குத்துகிறது. குத்தத்தான் வேண்டும். மேலப்பாளையம், ஆலங்குளம், முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான் மாணவர் நாற்காலியில் உட்காருகிறார்கள், கார் வைத்திருப்பவர்கள் இல்லை. கைநாட்டு வாங்குகிற தாளை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. "இந்தப் பிள்ளை எடுக்கும், நான் கூடவே நிற்பேன், சம்மதமா?" என்று முகம் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்காதவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அதற்காக, படிக்க வந்த பிள்ளையைத் திட்டுவீர்களா?

பொதுமக்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் என் நட்பு வட்டத்தில் இருக்கிற மூன்று பல் மருத்துவர்கள் உண்டு. நீங்களும் இப்படி ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் படித்தீர்கள். இடது கை எங்கே இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சிரிக்கிற பொம்மை போட்டுப் பகிர்ந்திருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளையின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. நாற்காலியில் இருக்கிற பெரியவரின் முகமும்தான். இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள்.