பெருவெடிப்பு பொய்யாகிவிடவில்லை

"பிரபஞ்சத்தைவிட வயதான விண்மீன் மண்டலங்களை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடித்துவிட்டது, பெருவெடிப்பு பொய்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லை அண்ணே, அப்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

2025-இல் அறிவித்த மாம்-இசட்14 என்ற விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 28 கோடி ஆண்டுகளில் அது எப்படி இருந்ததோ, அதைத்தான் பார்க்கிறோம். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள். வியப்பு என்னவென்றால், அவ்வளவு சீக்கிரத்தில் இத்தனை பிரகாசமா என்பதுதான். நட்சத்திரங்கள் எப்படி இவ்வளவு வேகமாக உருவாயின என்பது உண்மையிலேயே அருமையான கேள்வி. ஆனால் பெருவெடிப்பை அது அசைக்கவில்லை.

அப்புறம், படத்தின் நிறத்தை மட்டும் வைத்துத் தொலைவைச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சியர்ஸ்-93316 என்ற விண்மீன் மண்டலத்துக்கு முதலில் செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு; அது கூடினால் தொலைவும் கூடும்) 16 என்றார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்தபோது 4.9தான் வந்தது! தூசியும் வாயுவின் ஒளிக்கோடுகளும் சேர்ந்து ஏமாற்றியிருந்தன. நிறமாலை வரும்வரை பொறுத்திருப்பதே முறை.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத் தொலைநோக்கியில் என் மகளுக்குச் சனிக்கிரகத்தைக் காட்டினேன். அந்த ஒளியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் பழையது என்றதும் அவள் கண்ணை எடுக்கவே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குத் தப்பான செய்தி போய்ச் சேரக்கூடாது, அண்ணே. அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.