வீனர் 'ஒரே நாளில்' பதவி விலகவில்லை: காட்பாடியில் சுற்றும் செய்தி தவறு

"ஆபாசப் படம் வெளியான அன்றே அமெரிக்க எம்.பி. ஆன்டனி வீனர் பதவி விலகினார், அவர் கட்சியும் உடனே கைவிட்டது. நம் ஊரில் யாராவது செய்வார்களா?" என்ற செய்தி காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. இரு கட்சிக்காரர்களும் இதை வைத்தே ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். செய்தியே பிழை.

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த வீனரின் ட்விட்டர் கணக்கில் அந்தப் படம் வந்தது 2011 மே 27. கணக்கை யாரோ ஊடுருவிவிட்டதாக அவர் நாள்கணக்கில் பொய் சொன்னார். ஆதரவாளர்கள் பலர் அதை நம்பி, எதிர்த்தரப்பின் சதி என்று வாதாடினார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்: தலைவரை நம்பியவர்கள்தான் கடைசியில் தலைகுனிந்தார்கள். ஜூன் 6 அன்று வீனர் அழுதபடி உண்மையை ஒப்புக்கொண்டபோதும், விலகமாட்டேன் என்றார். பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சியின் தலைவராக இருந்த நான்சி பெலோசி விலகச் சொன்னது ஜூன் 11. வீனர் விலகலை அறிவித்தது ஜூன் 16.

அப்படியானால் 'அதே நாள்' கதை எங்கிருந்து வந்தது? அநேகமாக இன்னொருவரோடு குழப்பிக்கொண்டதால். குடியரசுக் கட்சியின் கிறிஸ் லீ, சட்டையில்லாத தம் படத்தை ஒரு பெண்ணுக்கு அனுப்பியது அம்பலமானதும், சில மணி நேரத்திலேயே பதவி விலகினார். அது 2011 பிப்ரவரி 9. இருவருமே நியூயார்க் மாநிலத்திலிருந்து தேர்வான எம்.பி.க்கள். வீனரின் பெயரைப் போட்டு இதைப் பகிர்ந்தவர்கள், அதே குழுவில் திருத்தத்தையும் பகிருங்கள்.