என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு

சிறிய விமானம் ஒன்று எங்காவது விழுந்தது என்று செய்தி வந்தால் போதும், ஒரு கேள்வி தவறாமல் எழும்: ஒரே என்ஜின்தானே, அது நின்றுவிட்டால் அப்புறம் என்ன கதி? தொலைக்காட்சியில் பேச வருகிறவர்களும் இதற்கு நெய் ஊற்றுகிறார்கள். விசாரணை தொடங்கும் முன்பே 'தொழில்நுட்பக் கோளாறு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். விபத்து விசாரணை அறிக்கைகளை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவன் நான் (வீட்டில் இந்தப் பழக்கத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்). படித்த வரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த விமானத்தில் என்ஜின் ஒன்றுதான் இருக்கிறது என்பதைவிட, முடிவெடுக்கும் ஆள் ஒருவர்தான் இருக்கிறார் என்பதே பெரிய அபாயம்.

முதலில் என்ஜின் கதையைப் பார்த்துவிடுவோம். என்ஜின் நின்ற விமானம் கல்லைப் போல விழுவதில்லை. உலகிலேயே அதிகம் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் முதன்முதலாகப் பறந்தது. இன்றுவரை 44,000க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். சரியான வேகத்தில் வைத்திருந்தால், ஓர் அடி உயரம் இழப்பதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னால் மிதந்து செல்லும். 5,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றாலும் காற்று எதிர்க்காத நாளில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகலாம். அந்த வட்டத்துக்குள் ஒரு வயலோ வெற்று நிலமோ கிடைத்து, விமானம் கட்டுப்பாட்டோடு மெதுவாகத் தரை தொட்டால், உள்ளே இருப்பவர்கள் நடந்தே வெளியே வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. விமானம் உருக்குலைந்து போகலாம். அது காப்பீட்டுக்காரர் கவலை.

அந்த என்ஜின் ஏன் நிற்கிறது என்று பார்த்தாலும், பல சமயம் குற்றவாளி என்ஜின் அல்ல. எரிபொருள் தீர்ந்து நிற்கிறது. அதைவிட வேதனை, ஒரு டேங்க் நிறைய எரிபொருள் இருக்க, டேங்க் மாற்றும் குமிழைக் காலியான டேங்கின் மீதே திருப்பி வைத்திருந்ததால் நிற்கிறது. டேங்கில் நீர் கலந்திருந்து நிற்கிறது. புறப்படும் முன் சின்னக் குப்பியில் கொஞ்சம் வடித்துப் பார்த்திருந்தால் அடியில் தங்கிய நீர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க விதிப்படி, கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானம் போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் மிச்சம் இருக்கும்படி திட்டமிட்டே கிளம்ப வேண்டும். இவ்வளவு எளிய கணக்கு இருந்தும் ஆண்டுதோறும் வறண்ட டேங்கோடு விமானங்கள் வயலில் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

எரிபொருளையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் படியும் பனி மட்டும் கொஞ்சம் நயவஞ்சகமானது. பனி என்றதும் குளிர்நாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடுகிறோம். காற்றில் ஈரப்பதம் இருந்தால் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் அது உருவாகும். கார்புரேட்டரின் குறுகலான பகுதியில் காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை சட்டென்று சரிகிறது. ஈரம் பனியாகப் படிந்து என்ஜினின் மூச்சை அடைக்கிறது. இறங்குவதற்காக என்ஜின் விசையைக் குறைக்கும்போது இது இன்னும் எளிதில் நடக்கும். சூடான காற்றை உள்ளே விடுவதற்கென்று ஒரு நெம்புகோல் அங்கேயே இருக்கிறது. அதை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இழுத்தவுடன் பனி உருகி நீராக உள்ளே போவதால் என்ஜின் சிறிது நேரம் இன்னும் மோசமாக இருமும். பயந்துபோய் நெம்புகோலைத் திரும்பத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

சரி, உயிர் எங்கே போகிறது? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015இல் தன் முன்னுரிமைப் பட்டியலில் சிறிய விமானங்களுக்கென்று எழுதிய பிரச்சினை, பறக்கும்போது கட்டுப்பாடு இழத்தல். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், இறக்கைகள் முழுதாக இருக்கும், விமானம் விழும்.

இதில் எனக்கு மிகவும் அச்சம் தருவது ஓடுதளத்தை நோக்கி எடுக்கும் கடைசித் திருப்பம். இறக்கை காற்றை வெட்டும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் மேல்பரப்பில் காற்று ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொள்கிறது, தூக்கும் விசை சரிகிறது. இதுதான் ஸ்டால். நேராகப் பறக்கும்போது ஸ்டால் ஆகும் வேகம் ஒன்று, சாய்ந்து திரும்பும்போது வேறொன்று. உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் அந்த வேகம் 41 சதவீதம் கூடிவிடும். விமானி திருப்பத்தைச் சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடுதளக் கோடு நழுவிப் போகிறது. இன்னும் சாய்க்கத் தயங்கி, மிதியை அழுத்தி மூக்கைத் திருப்புகிறார். மூக்கு தாழ்கிறது, பிடியைப் பின்னுக்கு இழுக்கிறார். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகிறது, விமானம் சுழன்றபடி கவிழ்கிறது. மீட்கும் முறை ஒவ்வொரு பயிற்சி நூலிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு உயரம் வேண்டும். சில நூறு அடி போதாது. திருப்பம் பிசகியது என்று தெரிந்த அந்தக் கணத்தில் விசையைக் கூட்டி, மேலேறி, ஒரு சுற்று சுற்றி மறுபடியும் வந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

புறப்பட்டதுமே என்ஜின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்ப்பதும் இதே கதைதான். முதுகுக்குப் பின்னால் நீளமான தார்ச்சாலை இருப்பது தெரியும்போது முன்னால் தெரியும் புதர்க்காட்டில் இறங்க மனம் வருமா? வராது. ஆனால் பாதி வட்டம் அடித்தால் ஓடுதளத்துக்கு இணையாகத்தான் வந்து நிற்பீர்கள். அதன் மேல் வந்து சேர இன்னும் திரும்ப வேண்டும். உயரம் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய நேராக முன்னால் இறங்கு என்று பயிற்சியாளர்கள் தொண்டை வற்றச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது மேகம். கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே பழகிய விமானி மேகத்துக்குள் நுழைந்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? இல்லினாய் பல்கலைக்கழகம் 1954இல் வெளியிட்ட ஆய்வில், கருவிகளைப் பார்த்துப் பறக்கத் தெரியாத 20 பேரை அத்தகைய சூழலுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. விமானிகளின் பாதுகாப்பு வகுப்புகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் இது. அதே ஆய்வின் இன்னொரு பாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: எளிய பயிற்சி கொடுத்த பிறகு ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் அவர்கள் விமானத்தைப் பத்திரமாகத் திருப்பி வெளியே கொண்டுவந்தார்கள். முதல் பாதியைச் சொல்லிப் பயமுறுத்துவதில் உள்ள ஆர்வம் இரண்டாம் பாதியைச் சொல்லிக்கொடுப்பதில் ஏன் இல்லை?

இருட்டிலும் புகைமூட்டத்திலும் நடப்பதும் இதுவே. அடிவானம் தெரியாவிட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். விமானம் மெல்லச் சாய்ந்தால் உணர்வே இராது. நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே சுழன்று இறங்குவோம். 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சரடோகாவில் மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு கடல் மேல் பறந்தது அப்படித்தான் முடிந்தது. திசை உணர்வு குழம்பி, கடல் மேல் இரவில் இறங்கும்போது கட்டுப்பாடு இழந்தார் என்பது விசாரணையின் முடிவு. என்ஜினில் கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் பறந்தது விதிக்கு விரோதமாகவும் அல்ல.

முடிவெடுக்கும் ஆள் ஒருவர்தான் என்று சொன்னேனே, அதற்கு 1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் ஷயேன் நகரில் நடந்ததைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை. ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டூப்ரோஃப், நாட்டைக் குறுக்காகப் பறந்து கடக்கும் மிக இளையவர் என்று பெயர் வாங்கப் புறப்பட்டாள். உடன் தந்தையும் பயிற்சியாளரும். சட்டப்படி விமானி அந்தப் பயிற்சியாளர்தான். ஓடுதளமே கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்தது. மெலிந்த காற்றில் என்ஜினின் விசை, விசிறியின் இழுப்பு, இறக்கையின் தூக்கல் மூன்றுமே குறையும். விமானமோ அனுமதித்த எடையைத் தாண்டியிருந்தது. எதிரே இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. கிளம்பினார்கள், சற்று நேரத்தில் ஸ்டால் ஆகி விழுந்தார்கள், மூவரும் இறந்தார்கள். செய்தி நிறுவனங்களுக்குக் கொடுத்த வாக்கும் அதனால் நெருக்கியடிக்கப்பட்ட பயணத் திட்டமும் துணைக் காரணங்கள் என்று அறிக்கை எழுதியது. அன்று காலை 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் உள்ள இன்னொரு ஆள் அங்கே இருந்திருந்தால்? பெரிய விமான நிறுவனங்களில் அந்த ஆள் இருக்கிறார். துணை விமானி, பயணத் திட்ட அலுவலர், எடைக் கணக்கர் என்று பல உருவங்களில் இருக்கிறார். சிறிய விமானத்தில் இத்தனை வேடங்களையும் ஒரே மனிதர் போடுகிறார். போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையும் அவருக்கே.

இதற்காக எல்லாவற்றையும் 'விமானியின் தவறு' என்று முத்திரை குத்தி மூட்டை கட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஇசட் என்ற, தனியார் தாமே கட்டிக்கொள்ளும் வகை விமானம். டேங்க் மாற்றும் கைப்பிடி அதில் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. மூல வரைபடத்தில் அந்த இடம் கிடையாது. கட்டியவர் அங்கே வைத்துவிட்டார். பறந்துகொண்டே உடம்பை முறுக்கித் திரும்பி அதை எட்டிப் பிடிக்க முயன்றபோது கால் தன்னறியாமல் வலது மிதியை அழுத்தியது என்பதே விசாரணை காட்டும் காரணம். தவறு விமானியுடையதுதான், ஆனால் அதற்கு வழி வெட்டிக் கொடுத்தது அந்தக் கைப்பிடி. 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலி இறந்த விபத்திலும் இப்படியொன்று உண்டு. கருவிப் பறத்தலுக்குத் தகுதி பெறாத 21 வயது விமானி, பனி பெய்யும் இரவு. மூக்கின் ஏற்ற இறக்கத்தை அவர் பழகியதற்கு நேர் எதிராகக் காட்டும் ஒரு கருவி வேறு. வானிலை எச்சரிக்கைகளும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

தரையிறங்கும்போது துள்ளுவது, பக்கக் காற்றில் ஓடுதளத்தை விட்டு விலகுவது போன்றவை எண்ணிக்கையில் ஏராளம், ஆனால் உயிரை வாங்குவது அரிது. பராமரிப்புப் பிழைகளும் உண்டு. கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தலைகீழாக மாட்டி அனுப்பிய சம்பவங்களே இருக்கின்றன. விமானம் முழுவதற்கும் பாராசூட் வைத்த சிர்ரஸ் வகை விமானங்கள் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராசூட்டின் கைப்பிடியை இழுக்கலாமா என்று முடிவெடுப்பவரும் அதே ஒற்றை ஆள்தான்.

நண்பரோ உறவினரோ சிறிய விமானத்தில் கூப்பிட்டால் போகலாமா என்று கேட்பவர்களுக்கு கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் வழக்கை நினைவூட்டுவேன். 2019 ஜனவரி 21 இரவு, பிரான்ஸின் நான்டிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நோக்கிப் போன பைப்பர் மாலிபு விமானம் அவரோடு கடலில் விழுந்தது. விமானிக்கு இரவில் பறக்கத் தகுதி இல்லை, பணம் வாங்கி ஆள் ஏற்றவும் உரிமம் இல்லை. புகைபோக்கிவழிக் கசிந்த கார்பன் மோனாக்சைடு சாலாவின் ரத்தத்தில் 58 சதவீத அளவில் கலந்திருந்தது; விமானியும் அதனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றது பிரிட்டிஷ் விசாரணை. அந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி விலை மலிவானது; அந்த விமானத்தில் அப்படி எதுவும் இயங்கவில்லை. ஆகவே ஏறும் முன் கேளுங்கள்: கடைசியாக இரவில் எப்போது பறந்தீர்கள், அந்தக் கருவி இருக்கிறதா, வானிலை கெட்டால் எங்கே இறங்குவோம்? நல்ல விமானி இதற்குக் கோபப்பட மாட்டார். கூடவே, போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பவரிடம் 'நாங்கள் நாளைக்கு வந்தாலும் வருவோம்' என்று நீங்களே தொலைபேசியில் சொல்லிவிட்டு ஏறுங்கள். விமானியின் காதில் விழும்படி சொல்லுங்கள்.